கதவுக்கு மட்டும் பெயின்ட் அடிக்காதவர்

மார்த்தாண்டம்காரர்:
புது வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தார் அவர். பழவிளை, கோழிவிளை, பெருமாள்புரம் என்று இங்கே ஈழத்தமிழர் முகாம்கள் உண்டே, அதில் ஒன்றிலிருந்து. எது என்பது வேண்டாம். சுவர் வேலை அவ்வளவு சுத்தம். கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் எனாமல் அடிக்கச் சொன்னால் மட்டும் நழுவுவார். சீலிங் வேலை, அவரோடு வந்த பையன்கள் பொறுப்பு. கூலியைக் கூட்டத்தான் இந்த நாடகம் என்று சத்தம் போட்டேன். (இப்போது நினைத்தாலும் கூசுகிறது.)

மறுநாள் கட்டஞ்சாயா குடிக்கும்போது அவராகவே சொன்னார்: “பிளாஸ்டிக் பைக்குள்ள பெற்றோல் விட்டு முகத்தில கட்டினவங்கள், அண்ணை. எனாமலில கலக்கிற தின்னர் மணந்தாலே மூச்சடைக்குது.” கையைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டதில் தோளும் போயிற்று. எல்லாம் ஒரு தாளில் கையெழுத்து வாங்க. தாள் சிங்களத்தில் இருந்தது. அவருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இலங்கையின் 1979 பயங்கரவாதத் தடைச் சட்டப்படி, உதவி சூப்பிரண்டு அல்லது அதற்கு மேல் பதவியில் உள்ள போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லும். மிரட்டி வாங்கியது என்று நிரூபிப்பது மாட்டிக்கொண்டவர் பாடு. இத்தனைக்கும் சித்திரவதையைக் குற்றமாக்கி 1994இலேயே தனிச்சட்டம் போட்ட நாடு அது. அடித்தால் உண்மை வருமா என்று நாம் கேட்கிறோம். அங்கே உண்மை யாருக்கு வேண்டும்? கையெழுத்துதான் வேண்டும்.

களியக்காவிளைக்காரர்:
கடல் தாண்டவே வேண்டாம் அண்ணாச்சி. நெருக்கடி நிலையில், 1976இல், கோழிக்கோடு பொறியியல் மாணவர் ராஜனைக் கக்கயம் போலீஸ் முகாமில் ‘உருட்டினார்கள்’. பெஞ்சில் கிடத்தித் தொடைமேல் உலக்கையை உருட்டுவது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்பா ஈச்சரவாரியர் போட்ட ஆட்கொணர்வு வழக்கில்தான் 1977இல் கருணாகரன் கேரள முதல்வர் பதவியை விட்டார். அந்தக் காலத்தில் கேரளத்தில் வேலை பார்த்த என் மாமா, உலக்கைச் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். என்ன நடந்ததென்று மாமியிடம்கூடச் சொன்னதில்லை.

தக்கலைக்காரர்:
சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டதோடு சரி. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதாவும் மாநிலங்களவையில் தேங்கிக் காலாவதியானது. அது கிடக்கட்டும், அந்தக் கதவுக்கு யார் பெயின்ட் அடித்தது?

மார்த்தாண்டம்காரர்:
நான்தான். அவர் வராத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அடித்தேன். திங்கள் காலையிலும் வாசம் போகவில்லை. நடையில் கால் வைக்காமல் நின்றவர், அன்று முழுக்க வெளிச்சுவரை முடித்துவிட்டுப் போனார்.