வேலூர்ல இருந்து டேட்டிங் ஆப்: ப்ரொஃபைல்ல என்ன எழுதறது, முதல் மெசேஜ் என்ன போடறது?

பாலாறு_97:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 27, வீடு காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனில க்வாலிட்டி செக்கிங். மூணு மாசமா ரெண்டு ஆப்ல இருக்கேன். மொத்தம் பதினோரு மேட்ச் (ரெண்டு பேரும் லைக் போட்டது), அதுல பதில் வந்தது மூணு பேர்கிட்ட இருந்து, அந்த மூணும் ரெண்டாவது நாளே நின்னு போச்சு. என் ப்ரொஃபைல்ல இருக்கறது இதுதான்: "சிம்பிள் பையன், பிரியாணி லவர், டிராவல், மியூசிக், ஃபேமிலி முக்கியம்". போட்டோ நாலு. ஏலகிரில பைக்கோட ஒண்ணு, ஃப்ரெண்டு கல்யாணத்துல குரூப்பா ஒண்ணு, கூலிங் கிளாஸ் செல்ஃபி, கோட்டைல தூரத்துல நிக்கற மாதிரி ஒண்ணு. முதல் மெசேஜ் எப்பவும் "ஹாய், எப்படி இருக்கீங்க"தான்.

வீட்ல ஜாதகம் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க, அது தப்புன்னு சொல்லல, ஆனா ஒருத்தர்கிட்ட பேசி பழகி தெரிஞ்சுகிட்டு அப்புறம் கல்யாணம் பண்ணிக்கணும்னு எனக்கு உண்மையிலேயே ஆசை. சின்ன ஊரு, தெரிஞ்சவங்க யாராவது பாத்து வீட்ல சொல்லிடுவாங்களோன்னு பயமும் இருக்கு. எங்க தப்பு பண்றேன்னு நேராவே சொல்லுங்க, கோச்சிக்க மாட்டேன்.

சத்துவாச்சாரி_பொண்ணு:

எனக்கும் கிட்டத்தட்ட உங்க வயசுதான். ஊரு சத்துவாச்சாரி, இப்ப பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை. ஒரு பொண்ணோட போன்ல இந்த ஆப் எப்படி இருக்கும்னு முதல்ல சொல்லிடறேன். லீவு நாள்ல திறந்தா நாப்பது அம்பது லைக் வந்திருக்கும், மெசேஜ் போட்டவங்கள்ல முக்காவாசி பேரு ஹாய், ஹலோ, சாப்டீங்களா, கண்ணு சூப்பரா இருக்கு. இவங்க எல்லாம் கெட்டவங்கன்னு நான் நினைக்கல, ஆனா நைட் டூட்டி முடிச்சு வந்து படுத்துக்கினு பாக்கறப்ப யார் யாருன்னே தெரியாது, எல்லாம் ஒரே ஆள் அனுப்பின மாதிரி இருக்கும். நான் திரும்ப ஹாய் சொன்னா அடுத்து என்ன பேசறதுன்னு யோசிக்கற வேலையும் என் தலைலதான் விழும். அந்த நேரத்துல அதுக்கு தெம்பு இருக்காது, அவ்ளோதான் காரணம். உங்களுக்கு பதில் போடாத எட்டு மேட்ச்ல பாதி பேருக்கு மேல இப்படித்தான் இருந்திருப்பாங்கன்னு தோணுது, உங்கள புடிக்காம இல்ல.

நான் பதில் போட்ட ஒருத்தர பத்தி சொல்றேன். என் போட்டோ ஒண்ணுல பின்னாடி காவலூர் டோம் சின்னதா தெரியும், வாணியம்பாடி தாண்டி ஜவ்வாது மலைல இருக்கே, அந்த வைனு பாப்பு தொலைநோக்கி. அவர் எழுதினது இதுதான்: "பின்னாடி வெள்ளையா தெரியறது காவலூர்தானே? ஸ்கூல்ல பஸ் வெச்சு கூட்டிக்கினு போனாங்க, அன்னிக்கு பூரா மேகம், ஒரு நட்சத்திரம் கூட பாக்கல. நீங்களாவது பாத்தீங்களா?" என் முகத்த பத்தி ஒரு வார்த்தை கிடையாது. நான் சனி கிரகத்தோட வளையத்த பாத்த கதைய உக்காந்து பத்து வரி எழுதினேன். அது கல்யாணம் வரைக்கும் போகல, ஆனா நாலு மாசம் நல்லா பேசினோம், இன்னிக்கும் அவர் மேல மரியாதை இருக்கு. என் போட்டோவ அவர் உத்து பாத்தாரு, தன்னோட விஷயம் ஒண்ணு கொடுத்தாரு, நான் சொல்ற மாதிரி ஒரு கேள்வி கேட்டாரு. மூணே வரில இவ்ளோ இருந்தது.

உங்க ப்ரொஃபைல் படிச்சா இந்த மாதிரி கேக்கறதுக்கு எனக்கு ஒண்ணுமே கிடைக்கல. ஆம்பூர் பக்கத்துல இருந்துக்கினு பிரியாணி லவர்னு எழுதினா அது எல்லாரும்தான். ஷூ கம்பெனில க்வாலிட்டி செக்கிங்னு இங்க எழுதினீங்களே, அது ஏன் ப்ரொஃபைல்ல இல்ல? ஒரு தோல எடுத்து எத பாத்து வேணாம்னு ஒதுக்கறீங்க? எனக்கு நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

பயத்த பத்தி ஒண்ணு. எங்களுக்கு அது பத்து மடங்கு. அதனால ஒரு பொண்ணு முகம் சரியா தெரியாத போட்டோ வெச்சிருந்தா முகத்த காட்டுங்கன்னு கேக்காதீங்க, நம்பரும் இன்ஸ்டாவும் ரெண்டாவது மெசேஜ்லயே கேக்காதீங்க. அவங்க எந்த ஏரியா, எந்த ஹாஸ்டல்னு தோண்டவும் வேணாம். ஊரு பேரோட நிறுத்திக்கற ஆளுன்னு தெரிஞ்சாலே எங்களுக்கு பாதி நிம்மதி.

கேமரா_கைல:

அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனா போட்டோ சரி இல்லன்னா அந்த எழுத்த படிக்கற இடத்துக்கே யாரும் வரமாட்டாங்க ப்ரோ. நான் கல்யாண போட்டோகிராஃபர், அதனால அத மட்டும் சொல்றேன். முதல் போட்டோல நீங்க ஒருத்தர்தான் இருக்கணும், கண்ணு தெரியணும். குரூப் போட்டோ முதல்ல வந்தா இதுல யாரு நீங்கன்னு தேடணும், யாரும் தேட மாட்டாங்க. கூலிங் கிளாஸ் செல்ஃபிய எடுத்துடுங்க. நம்ம ஊரு மத்தியான வெயில்ல எடுத்தா கண்ணுக்கு கீழ கருப்பா நிழல் விழும், பத்து வயசு கூட்டிடும், அதனால சாயங்காலம் அஞ்சரைக்கு மேல கோட்டை அகழி ஓரம் போய் வெயில் முகத்துல விழற மாதிரி நின்னு ஒரு ஃப்ரெண்ட எடுக்க சொல்லுங்க, கேமராவ பாக்காம அவன்கிட்ட பேசிக்கினு இருக்கறப்ப எடுத்தா இன்னும் நல்லா வரும். முழு உயரம் தெரியற மாதிரி ஒண்ணு, ஏதாவது வேலை செஞ்சிக்கினு இருக்கற மாதிரி ஒண்ணு. ஃபில்டர் வேணாம், நேர்ல பாக்கறப்ப வேற ஆளு மாதிரி இருந்தா அங்கயே முடிஞ்சிடும். கம்பெனி ஐடி கார்டு, வண்டி நம்பர் ரெண்டும் போட்டோல தெரியாம பாத்துக்கங்க.

குடியாத்தம்_அண்ணன்:

தம்பி, நான் 2019ல ஆப்ல பேச ஆரம்பிச்சு 2021ல கல்யாணம் பண்ணவன், வீட்டுக்காரம்மா சென்னை. முதல்ல நீ ஆப்ல ஆள் தேடற தூரத்த எவ்ளோ வெச்சிருக்கேன்னு பாரு. காட்பாடிய சுத்தி 25 கிலோமீட்டர்னு வெச்சிருந்தா அதே முகங்கதான் திரும்ப திரும்ப வரும், நீ பயப்படற சொந்தக்காரங்களும் அதுக்குள்ளதான் இருப்பாங்க. சென்னை வரைக்கும் எட்டற மாதிரி வை. காட்பாடில ரயில் ஏறினா 130 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரத்துல சென்ட்ரல். ஆனா அத ப்ரொஃபைல்லயே எழுதிடணும், வேலூர்ல இருக்கேன், ஞாயித்துக்கிழமை சென்னை வந்து போறதுல எனக்கு கஷ்டம் இல்லன்னு. இல்லன்னா வேலூரான்னு பாத்து தள்ளிட்டு போயிடுவாங்க, என்ன அப்படித்தான் நிறைய பேரு தள்ளினாங்க.

ஆப்புக்கு ஆப்பு முறை வேற வேற. ஹிஞ்ச்ல ஆறு போட்டோ, மூணு கேள்விக்கு பதில், எந்த போட்டோவையோ எந்த பதிலையோ தனியா தொட்டு அது மேலயே கமெண்ட் எழுதி லைக் அனுப்பலாம். அத விட்டுட்டு வெறும் லைக் மட்டும் அனுப்பறவங்க நல்ல வாய்ப்ப வீணாக்கறாங்க. பம்பிள்ல பொண்ணுங்கதான் முதல்ல பேசணும்னு இருந்தது, 2024ல அவங்க ஒரு கேள்விய முன்னாடியே வெச்சிட்டா நாம அதுக்கு பதில் சொல்லி ஆரம்பிக்கற மாதிரி ஒரு வசதி கொண்டாந்தாங்க. அந்த கேள்விய முழுசா படிச்சிட்டு அதுக்கு மட்டும் பதில் சொல்லு.

இன்னொண்ணு. 2009லயே ஓகேகியூபிட்னு ஒரு டேட்டிங் சைட்டுக்காரங்க அஞ்சு லட்சத்துக்கு மேல முதல் மெசேஜ்கள எடுத்து எதுக்கு பதில் வந்ததுன்னு பாத்து எழுதியிருந்தாங்க. அழக புகழ்ந்தா பதில் குறையுது, வார்த்தைய சுருக்கி கொச்சையா அடிச்சா குறையுது, அவங்க எழுதினதுல ஒண்ண குறிப்பா தொட்டு பேசினா கூடுது. சத்துவாச்சாரி தங்கச்சி தன் அனுபவத்துல சொன்னதும் அதேதான். ஒரே மெசேஜ காப்பி பண்ணி இருபது பேருக்கு தள்ளாத. ஒரு நாளைக்கு ரெண்டு பேரு போதும், அந்த ரெண்டு ப்ரொஃபைலயும் கடைசி வரி வரைக்கும் படி. நான் என் மனைவிக்கு போட்ட முதல் மெசேஜ் அவங்க லுங்கித்துணில தெச்ச ஒரு பைய பத்திதான், எங்க வீட்ல தறி இருந்தது, போட்டோல பாத்ததும் இது நம்ம ஊரு நெசவு மாதிரி இருக்கே, எங்க வாங்கினீங்கன்னு கேட்டேன். பதில் வர மூணு நாள் ஆச்சு. அந்த மூணு நாள்ல இன்னா ஆச்சு, ஏன் பேசலன்னு நான் ரெண்டாவது மெசேஜ் போடல. போட்டிருந்தா ஓடியிருப்பேன்னு அவங்களே பின்னாடி சொன்னாங்க.

லாங்_பஜார்:

ஒரே ஒரு விஷயம் சேத்துக்கங்க. பேச ஆரம்பிச்ச ரெண்டாவது நாளே வாட்ஸாப்புக்கு கூப்ட்டு, ஒரு வாரத்துல ட்ரேடிங், கிரிப்டோன்னு பணம் போட சொன்னா அது ஆள் இல்ல, மோசடி. என் சித்தப்பா பையன் அப்படித்தான் மாட்டினான், அவமானம்னு நெனச்சு பத்து நாள் யார்கிட்டயும் சொல்லல. பணம் போயிடுச்சுன்னா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணணும், சீக்கிரம் சொன்னாதான் அந்த பணத்த நடுவுல நிறுத்த முடியும். முதல் தடவ வீடியோ கால்ல பேசிட்டு அப்புறமா நேர்ல பாருங்க, அதுவும் நாலு பேரு நடமாடற எடத்துல.

பாலாறு_97:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி உக்காந்து மாத்தி எழுதினேன். அக்கா கேட்ட கேள்விக்கு பதிலும் இதுலயே வருது. தோல்ல வயித்து பக்கம் லூசா இருக்கும், முதுகு பக்கம் இறுக்கமா இருக்கும், உண்ணி கடிச்ச தடம், முள்ளு கீறினது எல்லாம் விரல் வெச்சாலே தெரியும். இதெல்லாம் யாருக்கு புடிக்கும்னு நெனச்சு விட்டுட்டேன். இப்ப எழுதினது:

"தோல்ல எங்க கீறல் இருக்குன்னு கண்ண மூடிக்கினு விரல்லயே சொல்லுவேன், வேலையே அதுதான். ஞாயித்துக்கிழமை காலைல அம்மாகூட உழவர் சந்தை, முள்ளு கத்திரிக்கா பொறுக்கறது என் வேலை. 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்தப்ப லீவு போட்டு போய் அரை நாள் பாத்துக்கினே நின்னேன். வேலூர்ல இருக்கேன், சென்னை வந்து போறது எனக்கு பழக்கம்தான். கல்யாணம் வரைக்கும் போகணும்னு நெனச்சுதான் இங்க வந்திருக்கேன். நீங்க கடைசியா எத பாக்கறதுக்காக லீவு போட்டீங்க?"

சத்துவாச்சாரி_பொண்ணு:

படிச்சதும் அந்த வெள்ளத்துல எங்க பெரியப்பா வீட்டுக்கு போக முடியாம நின்னது ஞாபகம் வந்துடுச்சு. இப்படித்தான் வேணும், படிக்கறவங்களுக்கு தன் கதை ஒண்ணு ஞாபகம் வரணும். கல்யாணம்னு எழுதினத எடுக்காதீங்க, அதுக்கு பயந்து போறவங்க எப்படியும் போறவங்கதான். ஹிஞ்ச்ல ஒரு பதிலுக்கு 150 எழுத்துதான் விடுவாங்க, அதனால அங்க தோல் வரி ஒரு பதில், வெள்ளம் ஒரு பதில்னு பிரிச்சு போடுங்க. சந்தை வரிய நானா இருந்தா முதல்ல வெப்பேன், ஆனா அது உங்க இஷ்டம்.

பாலாறு_97:

இன்னொரு உதவி அக்கா. இன்னிக்கு ஒரு மேட்ச், அவங்க போட்டோல ஒரு ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சு, கைல டீ, பக்கத்துல ஒரு பூனை தூங்குது. நான் எழுதி வெச்சிருக்கறது: "அந்த பூனை உங்க டீய பாத்துதான் வந்துச்சா, இல்ல அது தூங்கிக்கினு இருந்த பெஞ்சுல நீங்க போய் உக்காந்தீங்களா? காட்பாடி ஸ்டேஷன்ல இதே நிறத்துல ஒண்ணு இருக்கு, முதல் பிளாட்பாரத்துல யார் பொட்டலத்த பிரிச்சாலும் வந்து உக்காந்துக்கும். ஃப்ரீயா இருந்தா ரிப்ளை பண்ணுங்க ப்ளீஸ்." அனுப்பலாமா?

சத்துவாச்சாரி_பொண்ணு:

கடைசி வரிய எடுத்துட்டு அனுப்புங்க. கேள்வி ஏற்கனவே மேல இருக்கு, கெஞ்ச வேணாம்.

பாலாறு_97:

எடுத்துட்டேன். அனுப்பியாச்சு.