ஸ்பீக்கருக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே எதை வைப்பது?

தாழம்பூ:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் கேஇஎஃப் எல்எஸ்50 ஸ்பீக்கர்கள் ஒரு சோடி உள்ளன. 2012-இல் வெளிவந்த முதல் வடிவம்; ஒன்றின் எடை 7.2 கிலோ. அவற்றுக்காக எங்கள் பகுதி வெல்டிங் பட்டறையில் இரும்பு ஸ்டாண்டு செய்து வாங்கினேன். நடுவில் மூன்று அங்குலச் சதுரக் குழாய், மேலும் கீழும் தகடு, உயரம் 60 செ.மீ., அடியில் நான்கு கூர்முனைகள். வீடு சென்னையில் மூன்றாம் மாடியில் இருக்கிறது. தளம் கான்கிரீட், அதன்மேல் விட்ரிஃபைடு டைல்ஸ் பதித்திருக்கிறார்கள்.

இப்போது ஸ்பீக்கர்கள் மேல்தகட்டின் மீது நேரடியாக அமர்ந்திருக்கின்றன. மிருதங்கத்தின் தொப்பியில் (தாழ்சுர முகத்தில்) விழும் அடி, அடித்த இடத்திலேயே நிற்காமல் சற்று இழுபடுவதுபோல் கேட்கிறது. தகட்டின் ஓரத்தில் விரலை வைத்தால் அதிர்வு நன்றாகவே தெரிகிறது. இடையில் ஏதாவது வைத்தாக வேண்டும் என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். எதை வைப்பது என்றால்தான் ஒருவர் சொல்வதை அடுத்தவர் மறுக்கிறார். ப்ளூ டாக் (சுவரில் தாள் ஒட்டும் மெழுகு போன்ற பசை), சோர்போதேன் (அதிர்வை விழுங்கும் ரப்பர் போன்ற மென்பொருள்) அரைக்கோளங்கள், கார்க் (தக்கை) துண்டுகள், ஏசியின் வெளிப்பிரிவுக்கு அடியில் வைக்கும் ரப்பர் கட்டைகள் என்று பட்டியல் நீள்கிறது. ஏசிக் கட்டைகளை வாங்கியும் விட்டேன். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. கீழ்வீட்டாரும் இரண்டு முறை முறையிட்டுவிட்டார்கள். அதற்கும் இதுவே மருந்தாகுமா? 3,000 ரூபாய்க்குள் முடிக்க எண்ணம்.

அலைநீளம்:

தாங்கள் வாங்கிய ஏசிக் கட்டை ஏன் வேலை செய்யவில்லை என்பதிலிருந்தே தொடங்கலாம். ஏனெனில் மற்ற எல்லாவற்றுக்குமான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

மெத்தென்ற ஒரு பொருளின் மீது எடையை ஏற்றினால், அது சுருள்வில்லின் மேல் வைத்த குண்டைப் போல நடந்துகொள்ளும். அதற்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் அமைந்துவிடும். அந்த அதிர்வெண்ணைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைக் கடந்த பிறகுதான் அப்பொருள் அதிர்வைத் தடுக்கத் தொடங்கும். அதற்குக் கீழே அதிர்வை அப்படியே கடத்தும். இயல்பு அதிர்வெண்ணுக்கு அருகில் என்றால் கூட்டியும் கொடுத்துவிடும். கணக்கிடுவது எளிது. எடை ஏறியதும் பொருள் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அளந்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். 4 மி.மீ. அமுங்கினால் ஏறத்தாழ 8 ஹெர்ட்ஸ்; 1 மி.மீ. என்றால் 16, வெறும் 0.1 மி.மீ. என்றால் 50 ஹெர்ட்ஸ். ரப்பர் வகைகள் அசையும்போது இன்னும் விறைப்பாகிவிடுவதால் உண்மையான எண் இதைவிட ஓரளவு கூடுதலாகவே இருக்கும்.

ஏசியின் வெளிப்பிரிவு பெரும்பாலும் 30 கிலோவை ஒட்டி இருக்கும். அந்தச் சுமைக்கும் அதன் கம்பிரசரின் உதறலுக்கும் ஏற்றபடி செய்த கட்டை, 7.2 கிலோ ஸ்பீக்கரின் அடியில் கருங்கல்லைப் போலக் கிடக்கும். அமுங்காத ரப்பர் எதையும் தடுக்காது. ஆகவே தேட வேண்டியது பொருளின் பெயரையல்ல, தங்கள் எடைக்கு அது எவ்வளவு அமுங்கும் என்பதை.

சோர்போதேன் விற்பவர்கள் அதன் மென்மையை ஷோர் 00 அளவுகோலில் 30, 50, 70 என்று குறிப்பிடுவார்கள். எண் குறையக் குறைய மென்மை கூடும். ஒரு துண்டு எத்தனை கிலோ தாங்கும் என்ற அட்டவணையும் உடன் இருக்கும். நான்கு துண்டுகள் வைத்தால் ஒன்றுக்கு 1.8 கிலோ வரும். அந்த 1.8 கிலோ அட்டவணை எல்லைகளின் நடுவில் விழும்படியான துண்டைத் தேர்ந்தெடுங்கள். வைத்த பிறகு தடிமனில் பத்திலிருந்து இருபது விழுக்காடு அமுங்கியிருந்தால் சரி. தோசைபோலப் பரந்துவிட்டால் துண்டு சிறியது. அப்படியே நின்றால் பெரியது.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. முழு அடிப்பாகத்துக்கும் ஒரே ரப்பர் தகட்டை வெட்டிப் போட்டால் நல்லது என்று நினைக்கிறார்கள். தங்கள் ஸ்பீக்கரின் அடிப்பரப்பு 20 × 27.8 செ.மீ., அதாவது ஏறத்தாழ 556 சதுர செ.மீ. அதே எடையை 2.5 செ.மீ. விட்டமுள்ள நான்கு வட்டத் துண்டுகள் தாங்கினால் மொத்தப் பரப்பு 20 சதுர செ.மீட்டருக்கும் குறைவு. ஒவ்வொரு சதுர செ.மீட்டரும் ஏறக்குறைய 28 மடங்கு சுமையைப் பெறும். அப்போதுதான் ரப்பர் தன் வேலையைச் செய்யும். தவிர, இவ்வகைப் பொருள்கள் அமுங்கும்போது பக்கவாட்டில் பிதுங்க இடம் வேண்டும். அகன்ற மெல்லிய தகட்டுக்கு அந்த இடம் இல்லை.

மெத்தென்று வைத்தால் ஸ்பீக்கரே ஆடி ஒலி மங்கிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. ஒலியெழுப்பும் அஞ்சேகால் அங்குலக் கூம்பின் அசையும் பகுதியை 12 கிராம் என்று வைத்துக்கொண்டால், 7,200 கிராம் பெட்டியோடு ஒப்பிட அது 600-இல் ஒரு பங்கு. கூம்பு 3 மி.மீ. நகரும்போது, தடையின்றி விடப்பட்ட பெட்டி 0.005 மி.மீ. எதிர்த்திசையில் நகரும். இதற்காக நான் தூக்கத்தை இழக்க மாட்டேன்.

கீழ்வீட்டார் விஷயத்தில் மட்டும் ஏமாற்றம் காத்திருக்கிறது. இத்தனை சிறிய ஸ்பீக்கரிலிருந்து கீழே இறங்கும் தாழ்சுரம் பெரும்பாலும் காற்றின் வழியாகவே தளத்தை அசைக்கிறது, ஸ்டாண்டின் கால் வழியாக அன்று. எந்தத் துண்டை வைத்தாலும் அவர்கள் நிம்மதி பெறுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இரவு பத்து மணிக்கு மேல் ஒலியைக் குறைப்பதுதான் வழி.

பழைய தட்டு:

அலைநீளம் எழுதியது அத்தனையும் சரி. ஆனால் கணக்கு ஒரு பக்கம், வீட்டில் பூனை ஒரு பக்கம். அரைக்கோளங்களின் மேல் நிற்கும் ஸ்பீக்கரை யாராவது இடித்தால் அது அசைந்து ஆடும். பேரக்குழந்தைகள் வந்துபோகும் வீட்டில் நான் அதற்குத் துணியமாட்டேன்.

என்னிடம் இருப்பது எல்எஸ்3/5ஏ. பிபிசியினர் 1970-களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் குறுகிய கட்டுப்பாட்டு இடத்துக்காக வடிவமைத்த சிறு பெட்டி அது. கனத்த பலகையை நம்பாமல் 12 மி.மீ. பிர்ச் ஒட்டுப்பலகையில் செய்து, உட்சுவர்களில் பிட்டுமன் (தார் வகை) தகடு ஒட்டி அதிர்வை அடக்கினார்கள். பெட்டி அதிரவே கூடாது என்பது அவர்கள் கொள்கை அன்று. அதிர்வு காதுக்கு உறுத்தாத இடத்தில், சீக்கிரம் அடங்குவதாக இருக்க வேண்டும் என்பதே. ஸ்டாண்டுக்கும் இந்த எண்ணம் பொருந்தும் என்பது என் கருத்து.

பல ஆண்டுகளாக நான் வைப்பது ப்ளூ டாக்தான். மூலைக்கு ஒன்றாக, கொண்டைக்கடலை அளவு நான்கு உருண்டைகள். மேலே ஸ்பீக்கரை வைத்து மெல்ல அழுத்தினால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குத் தட்டையாகும். இது அதிர்வைப் பிரிப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். பெட்டியைத் தகட்டோடு பிடித்துக்கொண்டு, இரண்டுக்கும் இடையில் நடக்கும் சிறு உரசலையும் கடகடப்பையும் விழுங்கிவிடுகிறது. எடுக்கும்போது மேல்நோக்கி இழுக்காதீர்கள். ஸ்பீக்கரை மெதுவாகத் திருகினால் தானே விட்டுவிடும். மரவெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டிய பழைய பெட்டி என்றால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும், வெனீரே உரிந்து வரக்கூடும்.

ரப்பரைப் பற்றி ஒன்று. ஒருமுறை பாரிமுனைப் பக்கம் இயந்திர உதிரிபாகம் விற்கும் கடையில், பெயர் ஏதும் அச்சிடாத கறுப்பு ரப்பர் தகடு வாங்கி வட்டமாக வெட்டி வேறொரு சோடியின் அடியில் வைத்தேன். ஒரு கோடை முடிந்து எடுத்துப் பார்த்தபோது, பளபளப்பான வார்னிஷில் நான்கு கறுப்பு வட்டங்கள். ரப்பரை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் கசிந்து வார்னிஷுக்குள் இறங்கியிருந்தது. எதைத் தேய்த்தும் போகவில்லை. தங்கள் எல்எஸ்50-ம் பளபளப்பு மேற்பூச்சுக் கொண்டதே. எந்தத் துண்டானாலும் அதற்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மெல்லிய பாலிஎஸ்டர் தாள் ஒன்றை வட்டமாக வெட்டி வையுங்கள். ஓவர்ஹெட் புரொஜக்டருக்குப் பயன்படுத்திய பழைய தாள் வீட்டில் இருந்தால் அதுவே போதும்.

கரிசல்காடு:

ஒருவரும் ஸ்டாண்டைப் பற்றிக் கேட்கவில்லையே! குழாய் வெறுமையாக இருக்கிறதா? விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கோயில் மணிபோல் நீண்டு ஒலித்தால், தாங்கள் கேட்கும் இழுபடுதலின் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது. மேலே எத்தனை விலையில் எதை வைத்தாலும் வெற்றுக் குழாய் பாடத்தான் செய்யும்.

மணலால் நிரப்புங்கள். தங்கள் குழாய் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிலோ கொள்ளும். சலித்த மணலை அகன்ற இரும்புச் சட்டியில் போட்டு, ஆவி வருவது நிற்கும்வரை வறுத்து, முழுக்க ஆறவிட்டு ஊற்றுங்கள். ஈரம் இருந்தால் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கடற்கரை மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பு இரும்பைத் தின்றுவிடும். ஊற்றும்போது மரச்சுத்தியலால் குழாயைத் தட்டிக்கொண்டே வந்தால் மணல் நன்கு படியும். துளையைச் சிலிக்கான் பசையால் அடைத்துவிடுங்கள். மேல்தகடு மெல்லியது என்றால், அதிர்வை அடக்கக் காரின் கதவுக்குள் ஒட்டும் பியூட்டைல் ரப்பர் தகட்டில் ஒரு துண்டைத் தகட்டின் அடிப்பக்கம் ஒட்டலாம். கார் அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

கூர்முனைகள் நிற்கும் டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். சிமெண்டை முழுக்கப் பரப்பாமல் அங்கங்கே உருண்டையாக வைத்து டைல்ஸ் ஒட்டும் பழக்கத்தால், சில டைல்ஸின் அடியில் வெற்றிடம் இருக்கும். தட்டினால் டொக்கென்று ஒலிக்கும். அதன்மேல் கூர்முனை ஸ்டாண்டை நிறுத்துவது தப்புப் பறையின் தோல்மேல் குச்சியை நிறுத்துவதுபோல. மேலைநாட்டு வல்லுநர்கள் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் மரத்தளம் போட்ட வீடுகளை மனதில் வைத்து. அந்தத் தளம் முழுவதுமே அசையும். நம்முடைய கான்கிரீட் அப்படி அசையாது; ஆனால் அதன் மேலுள்ள டைல்ஸ் நம்மை ஏமாற்றும்.

தாழம்பூ:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அவசரப்படாமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன்.

ஆகன் பல்கலைக்கழகத்தினர் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலியைக் கைப்பேசியில் நிறுவி, கைப்பேசியை மேல்தகட்டின் ஓரத்தில் டேப்பால் இறுக ஒட்டி, 40 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை ஒரே அளவில் செலுத்தி அதிர்வைப் பதிந்தேன். முதலில் டைல்ஸைத் தட்டிப் பார்த்தேன். இடப்பக்க ஸ்டாண்டின் அடியில் ஒன்று டொக்கென்றது. ஸ்டாண்டை ஒரு சாண் பின்னால் நகர்த்தியதும் 70 ஹெர்ட்ஸ் அருகில் எழுந்துகொண்டிருந்த கூர் உச்சி பாதியாகத் தணிந்தது. செலவு ஒரு பைசா இல்லை. மணல் நிரப்பிய பிறகு குழாயைத் தட்டினால் மரக்கட்டைபோல ஒலிக்கிறது. பிறகு ப்ளூ டாக், அதன்பின் 50 எண் கொண்ட சோர்போதேன் என்று முறையே வைத்தேன். விரலுக்கும் செயலிக்கும் சோர்போதேனின் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிந்தது. தகடு ஏறக்குறைய அமைதியாகிவிட்டது.

காதுக்கு? என் மனைவி, நான் கண்ணை மூடியிருக்கும்போது இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தார். பத்து முறையில் ஆறு முறை சரியாகச் சொன்னேன். வெறும் ஊகத்திலும் இவ்வளவு வந்திருக்கும். ஸ்டாண்டை நகர்த்தியதும் மணல் நிரப்பியதும் மட்டும் ஐயமின்றிக் கேட்டது. தொப்பியின் அடி இப்போது அடித்த இடத்தில் நிற்கிறது.

அலைநீளம்:

நேர்மையான சோதனை. ஒரே ஒரு திருத்தம். கைப்பேசியின் முடுக்கமானி (அதிர்வை உணரும் உறுப்பு) நொடிக்கு 400 முறை அளந்தால், அது 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே நடப்பதை மட்டுமே நம்பத்தக்க வகையில் காட்டும். குழாயின் மணியோசை அதற்கு மேலே இருந்திருக்கக்கூடும். அதனால்தான் மணலின் பலன் செயலியில் குறைவாகவும் காதில் நிறைவாகவும் தெரிந்திருக்கிறது. சோர்போதேனை வைத்துக்கொள்வதானால், முன்பக்கம் காந்தத்தின் கனத்தால் கூடுதலாக அமுங்கி ஸ்பீக்கர் முன்னே சாயும். முன்னுள்ள இரு துண்டுகளைச் சற்று முன்னோக்கி நகர்த்திச் சமநிலைப்படுத்துங்கள். துண்டின் தடிமனால் ட்வீட்டரும் (உச்சசுரம் எழுப்பும் பகுதி) உயர்ந்திருக்கும். காது மட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாழம்பூ:

முன்பக்கம் 2 மி.மீ. தாழ்ந்துதான் இருந்தது, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே கண்ணுக்குப் பட்டது. ஆனால் அதைத் திருத்தப்போவதில்லை. போன வாரம் அக்கா மகன் ஓடிவந்து ஸ்டாண்டை இடித்ததில், அரைக்கோளங்களின் மேலிருந்த ஸ்பீக்கர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்த மனைவி, பழைய தட்டு ஐயாவின் கட்சிக்கு மாறிவிட்டார். பாலிஎஸ்டர் தாளோடு ப்ளூ டாக் உருண்டைகள் மீண்டும் இடம்பிடித்துவிட்டன. அரைக்கோளங்களை ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் வைக்கலாமா என்று கேட்க நினைத்தேன். பிறகு அதற்கும் எடைக் கணக்குப் போட வேண்டுமே என்று விட்டுவிட்டேன். அடியில் வெற்றிடம் உள்ள டைல்ஸைப் பெயர்த்து ஒட்டக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். ஏசிக் கட்டைகள் வாஷிங் மெஷினுக்குப் போய்விட்டன, அங்கே நன்றாகவே வேலை செய்கின்றன.