கூரைக்கு இன்சுலேஷன் போட்டும் ஹீட்டிங் பில் ஏறியிருக்கிறது, கணக்கு எங்கே இடிக்கிறது?

மொட்டைமாடி:
பன்னிரண்டு வீடுகள் உள்ள பழைய கட்டடம். அடித்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே கேஸ் பாய்லர். சங்கக் கணக்கு என் தலையில். போன கோடையில் பணம் வசூலித்துக் கூரைக்கு இன்சுலேஷன் போட்டோம். அதற்கு முந்தைய ஜனவரியில் 14,200 யூனிட் ஓடியது. இந்த ஜனவரியில் 15,100. "பணத்தையும் கொட்டி பில்லையும் ஏத்திட்டீங்களே" என்று இரண்டாம் மாடிக்காரர் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். இந்த வருஷம் குளிர் அதிகம் என்றால் சாக்கு என்கிறார்கள். எவ்வளவு அதிகம் என்று எண்ணில் காட்ட முடியுமா? பக்கத்து வானிலை நிலையத்தின் தினசரி வெப்பநிலை கையில் இருக்கிறது.

பாய்லர்ரூம்:
முடியும். கட்டடப் பராமரிப்பில் இருப்பவர்கள் 'டிகிரி டே' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். 15.5 டிகிரியை அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய சராசரி 9.5 என்றால் 6 டிகிரி டே. 17 என்றால் பூஜ்யம், மைனஸ் கிடையாது. மாதம் முழுக்கக் கூட்டினால் அந்த மாதத்தின் குளிர் எவ்வளவு என்பது ஒரே எண்ணாக வந்துவிடும்.

வீட்டுக்குள் 20 டிகிரி வைத்துக்கொண்டு 15.5 ஏன் என்று சங்கத்தில் நிச்சயம் கேட்பார்கள். மனிதர்கள், அடுப்பு, விளக்கு, ஜன்னல் வெயில் எல்லாம் சேர்ந்து சில டிகிரி சும்மாவே தருகின்றன. வெளியே 15.5க்குக் கீழே போனால்தான் பாய்லருக்கு வேலை. பிரிட்டனில் வழக்கமாக 15.5; அமெரிக்காவில் 65 ஃபாரன்ஹீட், அதாவது 18 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். கட்டடத்துக்குக் கட்டடம் மாறும் என்பதால் எது சரி என்று சண்டை வேண்டாம். இரண்டு வருஷத்துக்கும் ஒரே எண், ஒரே வானிலை நிலையம், அவ்வளவுதான்.

பில் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். கேஸ் விலை மாறினால் குளிரும் விலையும் ஒன்றாகக் குழம்பிவிடும். யூனிட்டில் நில்லுங்கள்.

பனிக்கரடி77:
மீட்டர் ரீடிங் எடுத்த தேதியைப் பாருங்க முதல்ல. மூணாம் தேதியிலிருந்து அடுத்த மாசம் அஞ்சாம் தேதி வரைக்கும் பில் வந்திருந்தா, டிகிரி டேவையும் அதே தேதிகளுக்குத்தான் கூட்டணும். கம்பெனிக்காரன் உத்தேசமா எழுதின ரீடிங்கா இருந்தா தூக்கிப் போட்டுடுங்க.

மொட்டைமாடி:
ரீடிங் நானே மாதக் கடைசியில் எடுப்பதுதான், அதனால் தேதி சரி. முந்தைய ஜனவரி 310 டிகிரி டே, இந்த ஜனவரி 390! யூனிட்டை டிகிரி டேயால் வகுத்தேன்: 45.8 இப்போது 38.7 ஆகியிருக்கிறது. சந்தோஷத்தில் பழைய மாதங்களையும் வகுத்துப் பார்த்தேன். இன்சுலேஷனுக்கு முந்தைய அக்டோபரில் 5,700 யூனிட், 90 டிகிரி டே, விடை 63. அதே கட்டடம் ஜனவரியைவிட அக்டோபரில் எப்படி இவ்வளவு மோசமாகும்?

பாய்லர்ரூம்:
ஆகவில்லை சார், வகுத்ததால் வந்த வினை. பெரிய நிறுவனங்களின் அறிக்கைகளிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். ஆகஸ்டில் ஹீட்டிங்கே கிடையாது, ஆனால் கேஸ் ஓடுகிறது அல்லவா? குளிக்க, பாத்திரம் கழுவ வெந்நீர். அது எவ்வளவு?

மொட்டைமாடி:
மாதம் 2,200 சுமார்.

பாய்லர்ரூம்:
அந்த 2,200க்கும் குளிருக்கும் சம்பந்தமில்லை. அதையும் டிகிரி டேயால் வகுத்தால், குளிர் குறைந்த மாதத்தில் விடை வீங்கத்தான் செய்யும். கழித்துவிட்டு வகுங்கள். பழைய ஜனவரி: 12,000 வகுத்தல் 310, அதாவது 38.7. பழைய அக்டோபர்: 3,500 வகுத்தல் 90, அதாவது 38.9. பார்த்தீர்களா, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று! இந்த ஜனவரி: 12,900 வகுத்தல் 390, அதாவது 33.1. ஏறக்குறைய 14 சதவீதம் குறைந்திருக்கிறது.

இரண்டாம் மாடிக்காரருக்கு சதவீதம் வேண்டாம். பழைய கூரையோடு இந்தக் குளிரைத் தாங்கியிருந்தால் 390 பெருக்கல் 38.7, கூட்டல் 2,200, மொத்தம் 17,300 யூனிட் ஓடியிருக்கும். ஓடியது 15,100. ஒரே மாதத்தில் 2,200 யூனிட் மிச்சம் என்று சொல்லுங்கள்.

ஒரு மாதத்தை மட்டும் வைத்து மார்தட்டவும் வேண்டாம். எக்செலில் கீழ் அச்சில் டிகிரி டே, பக்க அச்சில் யூனிட், மாதத்துக்கு ஒரு புள்ளி. பழைய வருஷத்துக்கு ஒரு கோடு, புதிய வருஷத்துக்கு ஒரு கோடு. கோடு பக்க அச்சைத் தொடும் இடம் வெந்நீர்ச் செலவு, சாய்வுதான் கட்டடம் குளிருக்கு விடும் வெப்பம். இன்சுலேஷன் வேலை செய்திருந்தால் சாய்வு படுக்கும். தொடும் இடம் பெரிதாக நகராது.

தெர்மோஸ்டாட்_தங்கை:
காற்று, வெயில் இரண்டும் இந்தக் கணக்கில் கிடையாது, அதனால் புள்ளிகள் கோட்டின் மேல் அச்சு அசலாக உட்காராது. கொஞ்சம் சிதறினால் கவலைப்படாதீர்கள் அண்ணா. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகக் கட்டடத்தில் குளிர் கூடினாலும் குறைந்தாலும் புள்ளிகள் ஒரே உயரத்தில் நின்றன. பாய்லர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது, ஆட்கள் ஜன்னலைத் திறந்து சமாளித்துக்கொண்டிருந்தார்கள்!

மொட்டைமாடி:
வரைந்துவிட்டேன். புதிய கோடு நன்றாகவே படுத்திருக்கிறது. மார்ச் புள்ளி மட்டும் கோட்டுக்கு ரொம்ப மேலே தனியாக நிற்கிறது. அந்த மாதம் குளிரே இல்லை.

பாய்லர்ரூம்:
பாய்லர் டைமரைப் போய்ப் பாருங்கள். பிப்ரவரிக் குளிரில் யாராவது 'எப்போதும் ஆன்' என்று திருப்பிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள்.