தீம்: கருப்பொருளா, அடிக்கருத்தா?

அண்ணே வணக்கம். ஆறாம் வகுப்பு வாசிப்புக்கான கலைச்சொல் பட்டியல் பாத்தேன். டாபிக்குக்கு பேசுபொருள், மெயின் ஐடியாவுக்கு மையக்கருத்து, ரெண்டும் நல்லாருக்கு, ஆனா தீமுக்கு, அதாவது கதை முழுசும் சேந்து சொல்ற கருத்துக்கு, கருப்பொருள்னு போட்டுருக்கீகளே அதை மட்டும் மாத்திருங்கண்ணே. காக்கா வடை கதையைக் குடுத்து இதோட கருப்பொருள் என்னன்னு கேட்டதுக்கு, இங்க காரைக்குடியில என்கிட்ட டியூஷன் வர்ற ஒரு புள்ள 'காக்கா, நரி, வடை, மரம்'னு எழுதிருக்கு. அவுக அக்கா பெரிய கிளாஸ், வீட்டுல சத்தமாப் படிக்கிறதைக் கேட்டு எழுதிருச்சு. தொல்காப்பியத்துல கருப்பொருள்னா தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ்னு வரிசையா வருதுல்ல, அப்ப அந்தப் புள்ளைக்கு எப்படி மார்க் குறைக்கிறது?

ஒப்பிலக்கியக்காரக தீமுக்கு அடிக்கருத்துன்னு ஏற்கனவே எழுதுறாக. அதையே எடுத்துக்குவோம். நான் புள்ளைகளுக்கு ஆத்தங்குடி டைல்ஸ் பத்தி ஒரு பத்தி எழுதிக் குடுப்பேன். பேசுபொருள் ஆத்தங்குடி டைல்ஸ். மையக்கருத்து, அந்தப் பளபளப்பு மெஷின் பாலிஷ்ல வர்றதில்ல, கண்ணாடி மேல வார்க்கிறதால வருதுங்கறது. அச்சுக்குள்ள கலர் சிமெண்டைக் கையால ஊத்துறது, அது மேல மணலும் சிமெண்டும் போடுறது, அப்புறம் தண்ணியில ஊறப் போடுறது இதெல்லாம் துணைவிவரம். இந்த மாதிரி தகவல் பத்தியில அடிக்கருத்து தேட வேண்டாம். காக்கா கதையில கேளுங்க, புகழ்ச்சிக்கு மயங்குனா கையில இருக்கறதும் போயிரும்னு டக்குன்னு சொல்லும்.

-----

தம்பி, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா மாநாடு, கண்காட்சி, பேச்சுப்போட்டி எல்லாத்துக்கும் கருப்பொருள்னுதான் நோட்டீஸ் அடிக்கிறாக, அதை எப்படி மாத்துறது? இன்னொண்ணு, அடின்னா யாப்புல பாட்டோட வரி. அடிக்கருத்துன்னதும் முதல் அடியோட கருத்து, ரெண்டாம் அடியோட கருத்துன்னு புள்ளைக பிரிச்சு எழுத ஆரம்பிச்சா?

-----

நோட்டீஸ்ல இருந்துட்டுப் போகட்டும்ணே, நம்ம பட்டியல் பரீட்சைக்குப் போற பட்டியல், அதனாலதான் இவ்வளவு சொல்றேன். யாப்பு விஷயம் நீங்க சொன்னது முக்கியம், குறள் நடத்தும்போது அந்தக் குழப்பம் கண்டிப்பா வரும். ஆனா அடிமனசு, அடிப்படைன்னு புள்ளைக தினமும் பேசுதுக, அந்த அடிதான் இதுன்னு முதல் நாளே சொல்லிட்டா பிடிச்சுக்கும். கருப்பொருளுக்கு அப்படிச் சொல்லித் தப்பிக்க வழியில்ல, அதோட தொல்காப்பிய அர்த்தம், தீம்ங்கற அர்த்தம் ரெண்டுமே இலக்கியத்தோட பொருளைப் பத்தினதாப் போச்சு. வேணும்னா பட்டியல்ல அடிக்கருத்துக்குப் பக்கத்துல 'கதை முழுசும் சேந்து நமக்கு என்ன சொல்லுது?'ன்னு ஒரு கேள்வியையும் போட்டுருங்க.

இன்ஃபரன்ஸுக்கு, அதாவது நேராச் சொல்லாததைப் பத்தியில இருக்கறதை வச்சுப் புரிஞ்சுக்கறதுக்கு, உய்த்துணர்தல் அப்படியே இருக்கட்டும்ணே, யாரோ ஊகம்னு மாத்தச் சொல்லிருக்காக, வேணாம். நூல் எழுதுறதுக்கு நன்னூல் சொல்ற 32 உத்தியில உய்த்துணர வைப்புன்னே ஒண்ணு இருக்கு. ஊகம்னு போட்டா புள்ளைக குத்துமதிப்பா எழுதிட்டுப் போயிரும், பத்தியில எந்த வரியை வச்சு இதைச் சொல்றேன்னு நாம கேக்க முடியாது.