கிடேரிக்கன்னு ஊசி (செக்ஸ்டு செமன்) எந்த மாட்டுக்குப் போடலாம்?

பால்காரன்_கோபி:
வணக்கம்ங்க. நம்மகிட்ட ரெண்டு ஜெர்சி கிராஸ் இருக்கு, ஒண்ணு இன்னும் ஊசியே போடாத கிடேரி, இன்னொண்ணு மூணு ஈத்து மாடு, அது பல தடவ ஊசி போட்டும் சினை நிக்கல. கடைசி ரெண்டு ஈத்தும் காளைக்கன்னுங்க, வளர்க்க முடியாம யாவாரிக்கு புடிச்சுக் குடுத்தப்ப அம்மா அன்னைக்கு சாப்பிடவே இல்ல. கிடேரியே பொறக்குற ஊசின்றாங்களே, அது நெசமா? கெடுதல் உண்டா? ரெண்டுக்கும் போட்டுறலாமா?

மாட்டுக்கொட்டகை:
நெசந்தாங்க, மருந்து, ஹார்மோன் எதுவும் கெடையாது. மாட்டு விந்துல பொட்டக்கன்னு குடுக்கற எக்ஸ் அணுல, காளைக்கன்னு குடுக்கற ஒய்ய விட டிஎன்ஏ சுமார் 4% கூட இருக்கும், சாயம் ஏத்தி லேசர்ல விட்டா எக்ஸ் கொஞ்சம் தூக்கலா மின்னும், அத வச்சு மெஷின் ஒவ்வொண்ணா பிரிச்சிடுது. ஊட்டி அரசு உறைவிந்து நிலையத்துலயே பண்றாங்க. 100க்கு 90 கிடேரி வரும், மீதி காளைதான், அப்படி வந்தா டாக்டர்கிட்ட சண்டைக்குப் போயிராதீங்க.

தீவனப்பண்ணை:
கிடேரிக்கு மட்டும் போடுங்க, அந்த மூணு ஈத்து மாட்டுக்கு தயவுசெஞ்சு வேணாம். சாதா ஸ்ட்ரால (விந்து அடைச்ச சின்னக் குழாய்) 2 கோடி அணு இருக்கும்னா இதுல 20 லட்சம் வாக்குலதான், அதுவும் மெஷின்ல அடிபட்டு வந்தது, சினை புடிக்கிறது சாதா ஊசிய விட குறைவுதான். நிக்காத மாட்டுக்குப் போட்டா காசும் ஸ்ட்ராவும் வேஸ்ட். மொதல்ல கர்ப்பப்பைய செக் பண்ணுங்க, பருவத்துல அறைலேர்ந்து வழியுற வழும்பு கண்ணாடியாட்டம் இல்லாம கலங்கலா இருந்தா சீழ் இருக்கும், தாது உப்பும் குடுங்க. கிடேரி 250 கிலோவாவது இருக்கணும். பொட்டக்கன்னு சைஸு சின்னதுங்கறதால தலையீத்துல கஷ்டமும் குறையும்.

காங்கேயம்_காளை:
எல்லாத்துக்கும் இதையே போடாதீங்க, எங்க பக்கம் நல்ல காளைக்கன்னுக்குத்தான் வெல.

பால்காரன்_கோபி:
சரிங்கண்ணா, கிடேரிக்கு எப்ப போடணும்?

தீவனப்பண்ணை:
இன்னொரு மாடு மேல தாவுறப்ப அசையாம நிக்கிறாளான்னு பாருங்க, அந்த நேரத்த குறிச்சு வைங்க. சாதா ஊசிக்கு காலைல நின்னா சாயங்காலம் போடுவாங்க, இது உள்ள அதிக நேரம் உசுரோட இருக்காது, அதனால அப்படி நிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து 16 மணி நேரத்துக்கு மேல, 24 மணி நேரத்துக்குள்ள போட்டா நல்லது, டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. ஸ்ட்ரால இருக்கற காளை நம்பரையும் எழுதி வைங்க, பொறக்குற கிடேரிக்கு நாளைக்கு அதே காளைய போட்டுறக் கூடாது.