தனுஷ்கோடி சீல், 22 டிசெம்பர் 1964: இந்த உறை உண்மையா?

கடுதாசிப்பெட்டி (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் தாண்டிப் போய் வந்த கடிதங்களை மட்டும்தான் சேர்க்கிறேன். தாத்தா கொழும்புச் செட்டியார் தெருவில் நகைக்கடையில் வேலை செய்தவர், சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். அவருடைய பிஸ்கட் டின்னில் கிடைத்த நாலைந்து உறைகளோடு தொடங்கிய பைத்தியம் இது. (முத்திரை என்று நான் சொல்வது ஒட்டுவதை, சீல் என்பது தபால் கந்தோரில் குத்துவதை. போன தடவை இந்தியாவில் இருக்கும் ஒருவரோடு கதைக்கும்போது இதைச் சொல்லாமல் விட்டு ஒரு மணித்தியாலம் குழம்பினோம்.)

போன மாதம் ஒருவரிடம் 9,000 ரூபாய் கொடுத்து ஓர் உறை வாங்கினேன். தனுஷ்கோடி சீல், தேதி 22 டிசெம்பர் 1964. அன்று இரவுதான் புயல் ஊரையே கொண்டுபோனது. "கடைசி நாள் தபால், இனி இப்படி ஒன்று கிடைக்காது" என்றார் விற்றவர். வாங்கிய பிறகுதான் நெஞ்சு அரிக்கிறது. உறையில் இருப்பவை இவ்வளவுதான்:

முகவரி தமிழில், நீல மையில், கொழும்பு, இலங்கை என்று முடிகிறது. 15 பைசா முத்திரை ஒன்று, பச்சை நிறம், கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம். நம் மலையகத்துப் பிள்ளை மாதிரியே இருந்ததால் எனக்கு இன்னும் பிடித்துப்போனது. சீல் கறுப்பு, பளிச்சென்று இருக்கிறது. பின்பக்கம் ஒன்றுமில்லை, வந்துசேர்ந்த சீல்கூட இல்லை.

இன்னொரு பிரச்சினை: விற்றவர் தந்த பிளாஸ்டிக் உறையில் மழைக்கோட்டு மாதிரி ஒரு வாடை. உறையின் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகளும் வருகின்றன. என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை பையன்

அண்ணா, இது போலி. 1964இல் நாட்டின் பெயர் சிலோன். ஸ்ரீ லங்கா ஆனது 1972 மே 22இல். முகவரியில் இலங்கை என்று இருந்தாலே பின்னால் எழுதியது என்று அர்த்தம். புள்ளிக்கு லேமினேட் பண்ணிவிடுங்கள், காற்றே படாது.

பழைய சீல்

தம்பி கொட்டாஞ்சேனை, கோபிக்க வேண்டாம், இரண்டும் பிழை. ஆங்கிலத்தில்தான் சிலோன் மாறியது. தமிழில் எழுதுகிறவன் அன்றும் இலங்கை என்றுதான் எழுதினான். 1950களின் சிலோன் முத்திரையையே எடுத்துப் பாருங்கள், தமிழில் இலங்கை என்றுதான் அச்சடித்திருக்கும். ஆங்கிலத்தில் ஸ்ரீ லங்கா என்று எழுதி 1964 சீல் குத்தியிருந்தால் அது வேறு கதை.

லேமினேட் பண்ணினால் அந்தச் சூட்டோடு உறையின் கதை முடிந்தது. திரும்ப எடுக்க வழியே இல்லை.

பின்பக்கம் சீல் இல்லாததை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. பதிவுத் தபாலென்றால் கேள்வி கேட்கலாம். சாதாரணக் கடிதத்துக்கு எல்லா இடத்திலும் எப்போதும் பின்னால் குத்தவில்லை.

எனக்கு இடிப்பது உங்களுக்குப் பிடித்த அந்தப் பெண்தான். கொழுந்து பறிக்கும் 15 பைசா முத்திரை இந்தியாவில் 1965இல் தொடங்கிய வரிசையில் வந்தது. 1964 டிசெம்பரில் ராமேஸ்வரம் பக்கத்துக் கந்தோர்களில் சாதாரணமாகக் கிடைத்திருக்க வேண்டியது இந்திய வரைபடம் போட்ட வரிசை. அதில் நயா பைசா என்று இருக்கும். அந்த 'நயா' 1964 ஜூனில்தான் கைவிடப்பட்டது, பழைய கையிருப்பு அதற்குப் பிறகும் ஓடியது. பிறக்காத முத்திரையில் சீல் எப்படி விழும்?

முத்திரையைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழற்றிவிட வேண்டாம். லென்ஸ் இருந்தால் சீலின் கோடு முத்திரையிலிருந்து உறைக்கு இறங்கும் இடத்தைப் பாருங்கள். அதன் கீழே வேறு ஏதாவது மங்கலாகத் தெரிகிறதா என்றும் சொல்லுங்கள்.

மன்னார்க்காரி

அனுப்புநர் முகவரி இருந்தால் அதையும் பாருங்கள். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு எழுதியது, இந்தியாவில் அது தொடங்கியதே அன்றுதான். நான் இப்படி ஓர் உறையில் ஏமாந்தேன். சீலில் 1958, அனுப்புநர் ரப்பர் சீலில் அழகாக 623 என்று தொடங்கும் எண். வாங்கி வந்து மூன்று நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. விற்றவரிடம் கேட்டால் "அக்கா, அது லக்கி நம்பரா இருக்கும்" என்றார்.

கடுதாசிப்பெட்டி

நேற்று இரவு கரண்ட் போய்விட்டது, டோர்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அது நல்லதாகப் போயிற்று. பக்கவாட்டு வெளிச்சத்தில் சில விஷயங்கள் தெரிந்தன.

ஒன்று, சீலின் கறுப்புக் கோடு முத்திரையின் ஓரப் பல்லுக்கு மேல் வழுக்கிப் போகிறது. பல்லுக்கு இடையில் இருக்கும் குழிகளில் மை இறங்கவே இல்லை. தாத்தாவின் உறையில் மை அந்தக் குழிகளுக்குள் கசிந்து, கடதாசி நாரில் ஊறி இருக்கிறது.

இரண்டு, கறுப்பு வட்டத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் இன்னொரு வட்டத்தின் துண்டு. எஸ், டபிள்யூ, ஏ, ஆர் என்று நான்கு ஆங்கில எழுத்துகள் மட்டும் வாசிக்க முடிகிறது. வருடம் மேல் சீலுக்குள் மறைந்துவிட்டது.

அனுப்புநர் முகவரி இல்லை.

பழைய சீல்

ராமேஸ்வரம். வேறு என்ன? புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி ஆள் வாழத் தகுதியற்ற ஊர் என்று சென்னை அரசு அறிவித்தது, கப்பலும் பின்னர் ராமேஸ்வரத்திலிருந்துதான் தலைமன்னாருக்கு ஓடியது. உங்கள் கையில் இருப்பது 1965க்குப் பிந்திய உண்மையான ராமேஸ்வரம் கடிதம். அதன் மேல் யாரோ புதிதாகத் தனுஷ்கோடியைக் குத்தியிருக்கிறார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, கோச்சியும் (ரயில்) கப்பலும் சேர்ந்து ஓடத் தொடங்கியதிலிருந்து ஐம்பது வருடத் தபால் அந்த ஊர் வழியாகப் போயிருக்கிறது. விலை ஏறுவது கடைசி நாளுக்கு மட்டும்தான், அதனால் போலியும் அந்த நாளிலேயே விழுகிறது.

வாடை விஷயம்: அது பி.வி.சி என்ற பிளாஸ்டிக். இன்றே வெளியே எடுங்கள். காலப்போக்கில் எண்ணெய் மாதிரி ஒன்று கசிந்து மையைப் பிடித்துக்கொள்ளும். பொலியெஸ்டர் உறை வாங்குங்கள், மைலர் என்று கேட்டால் தெரியும். பழுப்புப் புள்ளி பெரும்பாலும் பூஞ்சணம், நம் கொழும்புக் காற்றுக்கு வந்தே தீரும். பிளீச் வைக்கச் சொல்கிறவர்களைக் கேட்க வேண்டாம். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒரு தடவை காற்றாட விடுதல், அவ்வளவுதான். புள்ளி உள்ளதை மற்றவற்றோடு வைக்காதீர்கள்.

கொட்டாஞ்சேனை பையன்

இலங்கை விஷயத்தில் என் பிழை. லேமினேட் பண்ணின இரண்டு உறை என்னிடமே இருக்கிறது. யாரும் கேட்க வேண்டாம்.

கடுதாசிப்பெட்டி

விற்றவரிடம் டோர்ச்சையும் லென்ஸையும் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் "நான் வாங்கினதே அப்படித்தான்" என்றார். ஒரு பிளேன்டீ முடிவதற்குள் 6,000 திருப்பித் தந்தார். உறையை நானே வைத்துக்கொண்டேன், பின்னால் பென்சிலில் 'மேல் சீல் போலி' என்று எழுதிவிட்டேன்.

அப்புறம் இன்னொன்று. இதோடு ஒப்பிடத்தான் தாத்தாவின் உறையை வெளியே எடுத்தேன். இரண்டணா நடராஜர் முத்திரை இரண்டு, தனுஷ்கோடி சீல், 1953. பின்பக்கம் தலைமன்னார் சீலும் அடுத்த நாள் கொழும்புச் சீலும். இத்தனை நாள் முன்பக்கத்தை மட்டுமே பார்த்து வைத்திருந்தேன். உள்ளே கடிதமும் இருக்கிறது: ஆத்தா எழுதச் சொல்லி யாரோ எழுதியது, மழை இல்லை, கிடாய் ஒன்றை விற்றாயிற்று, பணம் வந்தது என்று. கடிதத்தை உறைக்குள்ளேயே வைப்பதா, தனி மைலரில் வைப்பதா?

பழைய சீல்

தனியாக, பிரித்து, மடிப்பில்லாமல். உறைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். 9,000 ரூபாய்க்கு வாங்கினதைவிட இதுதான் தம்பி நீங்கள் தேடுகிற உறை. பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள், தலைமன்னார் சீலில் 'பியர்' (கப்பல் இறங்குதுறை) என்று இருக்கிறதா பார்க்க வேண்டும்.

கடுதாசிப்பெட்டி

இருக்கிறது ஐயா. பாதி அழிந்து, ஆனால் இருக்கிறது.