பின் ஆக்ஸில் ஊளையிட்டால்: ஜீப், அம்பாசிடர், பிக்கப் வைத்திருப்பவர்களின் அனுபவங்கள்

போடி, பழைய 3பி ஜீப்

எங்கள் ஜீப் அப்பா காலத்தது. வில்லிஸ் சிஜே-3பி வழியில் மஹிந்திரா செய்த வண்டி. எஞ்சின் பிற்பாடு டீசலுக்கு மாறிவிட்டது. பின் ஆக்ஸில் மட்டும் வந்தது வந்தபடியே இருக்கிறது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏலத்தோட்டத்துக்கு ஆட்களையும் உர மூட்டைகளையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை.

போன வருஷம் பினியன் ஆயில் சீல் ஒழுகியது. பினியன் என்றால் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் சின்னப் பல்சக்கரம்; அது கடித்துச் சுற்றுகிற பெரிய பல்சக்கரம் கிரவுன். இரண்டும் பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும். பட்டறையில் விட்டேன். "பினியன் பேரிங்கும் போயிருச்சு, சேர்த்தே மாத்திருவோம்" என்றார்கள். மாற்றினார்கள். வண்டியை எடுத்து வெளியே வந்த பத்தாவது நிமிஷம் ஊளைச் சத்தம் ஆரம்பித்தது. 35, 40 வேகத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஊளை, காலை எடுத்தால் அமைதி. திரும்பக் கொண்டுபோனேன். "புது பேரிங், ஓட ஓட சரியாகிடும்" என்று 90 நம்பர் கியர் ஆயிலை வடித்துவிட்டு, அதைவிடக் கெட்டியான 140 ஊற்றிக் கொடுத்தார்கள். கெட்டி ஆயில் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கியது. நானும் சரியாகிவிட்டது என்று நம்பி நாலு மாதம் ஓட்டினேன். அந்த நாலு மாதத்துக்குப் பல் கொடுத்த விலையை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

அப்புறம் தேனியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஜாக்கியைத் தொடவில்லை. "தம்பி, நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உட்காந்து கேக்குறேன்" என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டார். ஐந்து கிலோமீட்டர் ஓட்டச் சொன்னார். வளைவில் திரும்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால் அது வீல் பேரிங்காக இருக்கும். கியர் போட்டு நகர்த்தும்போது 'டங்' என்றால் முதலில் பார்க்க வேண்டியது புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ், அதாவது கியர் பக்கத்திலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் தண்டின் மடங்கும் மூட்டு. மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி கரகரப்பு என்றால் உள்ளே இருக்கிற பேரிங். மிதிக்கும்போது மட்டும் ஊளை என்றால் கிரவுனும் பினியனும் சரியான இடத்தில் கடிக்கவில்லை. எங்கள் வண்டியில் அந்தக் கடைசிக் கதைதான்.

பின் மூடியைக் கழற்றி, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தார். பேக்லாஷ், அதாவது கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவே இருக்கும் விளையாட்டு, 18 தௌ காட்டியது. ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த ஆக்ஸிலுக்கு 5 முதல் 9 தௌ வரைதான் இருக்கலாம். பிறகு நாலைந்து பல்லில் நீலச் சாயம் தடவி, ஒரு கையால் கிரவுனைப் பிடித்து அடக்கிக்கொண்டே பினியனைச் சுற்றினார். "குனிஞ்சு பாருங்க" என்றார். சாயம் அழிந்த தடம் பல்லின் நடுவில் விழவே இல்லை. மேல் விளிம்பை ஒட்டி, நகக்கண் அளவுக்கு ஒரு கீற்று. மூட்டையின் மொத்த பாரத்தையும் வளைவுக்கு வளைவு அந்தக் கீற்றுதான் தாங்கியிருக்கிறது.

காரணம் உள்ளே இருந்தது. பினியனின் உள் பேரிங் கப்புக்கு அடியில் மெல்லிய சிம் தகடுகள் இருக்கும். பினியன் எவ்வளவு ஆழம் போய் கிரவுனைக் கடிக்க வேண்டும் என்பதை அந்தத் தகடுகளின் கனம்தான் முடிவு செய்கிறது. கப்பைத் தட்டி எடுக்கும்போது ஒன்று கிழிந்திருக்கிறது. கிழிந்ததை எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். இருந்ததையும் இருக்க வேண்டியதையும் அளந்து பார்த்ததில் 12 தௌ குறைந்தது. தலைமுடி மூன்று, நாலு சேர்ந்த கனம். அதற்குத்தான் அத்தனை ஊளையும்.

சிம் சேர்த்து, கிரவுன் பக்கத்துச் சிம்களை இடம் மாற்றி, மூன்று தடவை பூட்டிப் பிரித்தார். பினியன் நட்டை முறுக்கிய பிறகு, ஷாஃப்ட்டைப் பூட்டும் ஃபிளேஞ்சில் நூலைச் சுற்றி, ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்து, எவ்வளவு இறுக்கத்தில் சுற்றுகிறது என்று பார்த்தார். கை அளவில் விடவே மாட்டேன் என்றார். கடைசியில் பேக்லாஷ் 7 தௌவில் நின்றது, தடம் பல்லின் நடுவுக்கு வந்தது. ஒன்றரை நாள் வேலை. முன்பு அதே வேலையை எனக்கு இரண்டு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்திருந்தார்கள். விரைவாக முடிகிறதே என்று அப்போது சந்தோஷப்பட்டேன்.

காரைக்குடி, அம்பாசிடர்

எங்கள் வீட்டு அம்பாசிடரில் பின் இடது சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் கசிந்து, பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. ஒரே வருஷத்தில் இரண்டு முறை ஆக்ஸில் ஆயில் சீல் மாற்றினேன். இரண்டு முறையும் மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி கசிவு. 2014-இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்ற பிறகு நல்ல சீல் கிடைப்பதில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

சீலில் குறையே இல்லை. ஆக்ஸில் குழாயின் மேல் சின்னதாக ஒரு பிரீதர் இருக்கும், உள்ளே சூடாகும் காற்று வெளியேற. எங்கள் வழி கண்மாய்க் கரைச் சேறு. அது ஏறிக் காய்ந்து பிரீதரைச் சிமெண்ட் மாதிரி அடைத்திருந்தது. காற்று போக வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. சைக்கிள் போக்ஸ் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, மூன்றாவது சீல் போட்டேன். இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது.

இன்னொன்று. எண்ணெய் குடித்த பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி, கொளுத்திவிட்டுத் திரும்ப மாட்டுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். சூடேறினால் ஊறின எண்ணெய் மறுபடி மேலே வரும். இரண்டு பக்கமும் ஜோடியாகப் புது ஷூ போடுங்கள்.

கோவை, ஜீப்

போடிக்காரர் வண்டியில் பல் கணக்கு 43க்கு 8 ஆகத்தான் இருக்கும்: கிரவுனில் 43 பல், பினியனில் 8. அதாவது சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 5.38 சுற்று. என்னுடையதும் அதுதான். நான் ஓட்டுவது பெரும்பாலும் நெடுஞ்சாலை. 6.00-16 டயரில் 80 போனால் எஞ்சின் 3,150 சுற்றுக்கு மேல் கத்தும், பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது. அதனால் 47க்கு 11, அதாவது 4.27 கிரவுன் பினியன் போட்டேன். அதே 80க்கு இப்போது 2,500 சுற்றுதான்.

ஆனால் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். பின்னால் மட்டும் மாற்றினேன். முன் ஆக்ஸிலை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். ஒரு நாள் ஈரப் பாறைப் பாதையில் பழக்கத்தில் ஃபோர் வீல் லீவரைப் போட்டுவிட்டேன். பின் சக்கரம் 100 சுற்று சுற்ற, முன் சக்கரம் 79 சுற்றத்தான் முடியும். வண்டி பத்தடி முக்கியது, லீவர் திரும்ப வரவில்லை, முன் ஷாஃப்ட் கிராஸ் உடைந்தது. மலைச்சரிவில் வேறு ஏதாவது உடைந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. முன்னும் பின்னும் ஒரே நாளில் மாற்றுங்கள், இல்லையென்றால் தொடவே வேண்டாம். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும்: உண்மையில் 60 போனால் 48 என்று காட்டும். அதற்கான பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டும்.

உங்கள் வண்டியில் என்ன கணக்கு என்று தெரியாதவர்கள் மூடியைத் திறக்கத் தேவையில்லை. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். அதைக் கையால் சரியாக 2 சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். ஐந்தே கால் தாண்டினால் 5.38. நாலே கால் என்றால் 4.27.

கம்பம், பிக்கப்

வாழைத்தார் லோடுக்காகப் பின் பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளோடு இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தேன். லோடு ஏறினால் அருமையாக நின்றது. காலியாகத் திரும்பும்போது 50 வேகத்தில் தரை நடுங்கியது. பின்புறம் தூக்கிக்கொண்டதால் ஷாஃப்ட்டின் சாய்வு மாறிவிட்டது, கிராஸ் இரண்டு மாதத்தில் போனது. மழையில் காலி வண்டி வளைவில் துள்ளவும் செய்தது. ஒரு பட்டையைக் கழற்றிவிட்டு, பழைய பட்டைகளுக்கு வளைவு தட்டிக் கொடுக்கச் சொன்னேன். அதுவே போதுமாக இருந்தது. பட்டைகளை ஆக்ஸிலோடு பிணைக்கும் யு போல்ட்டை 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி முறுக்கினேன். முக்கால் சுற்று ஏறியது.

போடி, மறுபடி

கோவை அண்ணன் கணக்கைப் படித்தேன். என் மச்சானும் 4.27 போடச் சொல்லி ஒரு மாதமாகக் கூப்பிடுகிறார். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். மூட்டையோடு மெட்டு ஏறுகிற வண்டிக்கு அந்த 43க்கு 8தான் கை கொடுக்கிறது. கிளட்ச்சை எரிக்காமல் முதல் கியரில் நகர வைப்பதும் அதுதான்.

பழைய ஜோடியையே வைத்திருக்கிறேன். கிரவுனிலும் பினியன் தலையிலும் ஒரே எண் பொறித்திருக்கிறது, ஒன்றை விட்டு ஒன்றை மாற்ற முடியாது. நாலு மாதம் தப்பான இடத்தில் தேய்ந்ததால் சத்தம் முழுசாகப் போகாது என்று அந்த மெக்கானிக் முன்கூட்டியே சொல்லிவிட்டார். 90 ஆயில்தான் ஊற்றினார். ஆயிரம் கிலோமீட்டரில் அதை வடித்து, துணியில் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன்: சாம்பல் மாதிரி கொஞ்சம் பொடி, விரலில் உறுத்துகிற துண்டு ஒன்றும் இல்லை. பாரத்தோடு ஏறும்போது ஒரு மெல்லிய ரீங்காரம் இன்னும் கேட்கிறது. ஜன்னலை ஏற்றினால் அதுவும் கேட்பதில்லை. ஆனால் நான் இறக்கியே வைத்திருக்கிறேன், அது கூடுகிறதா என்று தினமும் கேட்டுக்கொள்ள.